கையில 3 லட்சம், கமுதி - அருப்புக்கோட்டை பக்கம் வீடு வேணும்: ஒத்தியா, பிளாட்டா, தாத்தா வீடா?

தம்பி, நீங்க எழுதினதை முழுசா படிச்சேன். திருப்பூர்ல பனியன் கம்பெனியில ஆர்டர் குறைஞ்சு வேலை நின்னு போச்சு, அம்மா, மனைவி, ரெண்டு பிள்ளைகளோட ஊர்ப்பக்கமே திரும்பணும், அருப்புக்கோட்டையில ஒரு மில்லுல மாசம் 15,000 சம்பளத்துக்கு வரச் சொல்லியிருக்காங்க, நகை வித்ததும் சேமிப்புமா கையில 3 லட்சம் இருக்கு. டவுன்ல வாடகை வீடு 5,000, அட்வான்ஸ் 30,000 கேக்கிறாங்க, அதே தெருவுல ஒரு வீடு 3 லட்சம் ஒத்திக்கு வருது, பைபாஸ் பக்கம் 3 சென்ட் பிளாட் 2 லட்சத்து 40 ஆயிரம் சொல்றாங்க, இந்த மூணுல எதுக்குப் போறதுன்னு கேட்டிருக்கீங்க. கடைசியில போற போக்குல ஒரு வரி, கமுதி பக்கம் கிராமத்துல தாத்தா பேர்ல இடிஞ்ச ஓட்டு வீடு ஒண்ணு கெடக்கு, யாருக்கும் உபயோகம் இல்லன்னு. நீங்க எழுதின எல்லாத்துலயும் எனக்கு அந்த வரி தான் கண்ணுல பட்டுச்சு. அதுக்கு வர்றேன், முதல்ல நீங்க கேட்ட மூணையும் பார்த்துடுவோம்.

நான் இந்தப்பக்கம் ரொம்ப வருஷமா பத்திரம் எழுதற வேலையில இருக்கேன். நம்ம ராமநாதபுரம், விருதுநகர் ரெண்டு ஜில்லாவும் எப்படிப்பட்ட இடம்னு உங்களுக்கே தெரியும், 2018ல மத்திய அரசு நாடு முழுக்க பின்தங்கின மாவட்டங்களைப் பொறுக்கி எடுத்தப்போ தமிழ்நாட்டுல இருந்து அந்தப் பட்டியல்ல வந்தது இந்த ரெண்டு தான். மழை பொய்ச்சா வெள்ளாமை இல்ல, சீமைக்கருவேலத்தை வெட்டி கரிமூட்டம் போடுறது, தறி, மில்லு, சிவகாசி, இல்லன்னா திருப்பூர், சென்னை, வளைகுடான்னு கெளம்புறது. அப்படி ஆளுங்க வெளியேறின ஊர்ல வீடு சல்லிசா கிடைக்கும்னு எல்லாரும் நினைக்கிறாங்க. விலை கம்மி தான், அதுல சந்தேகம் இல்ல. ஆனா ஏன் கம்மின்னு ஒவ்வொரு வீட்டுலயும் கேக்கணும், தண்ணி இல்லாததால கம்மியா, வேலைக்குப் போக பஸ் இல்லாததால கம்மியா, இல்ல பேப்பர் சரியில்லாததால கம்மியா. முதல் ரெண்டையும் சமாளிச்சுக்கலாம். மூணாவது இருந்தா கிட்டயே போகாதீங்க, ஏன்னா நம்ம மாதிரி குறைஞ்ச வருமானக்காரங்களுக்கு வீடு கட்ட அரசாங்கம் தர்ற பணம் பட்டாவைப் பார்த்துத்தான் வருது. பட்டா இல்லாத வீட்டுல நீங்க எவ்வளவு கொட்டினாலும் அது உங்க காசோட நின்னுடும், பின்னால ஒரு ரூபா சேராது.

ஒத்தியில இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா உங்க மனசு அங்கதான் இருக்குன்னு எழுத்துலயே தெரியுது. வாடகை இல்லாம இருக்கலாம், போகும்போது 3 லட்சமும் அப்படியே திரும்ப வந்துடும், கேக்க நல்லாத்தான் இருக்கும். இப்ப வீட்டுக்காரர் பக்கம் நின்னு கணக்குப் போட்டுப் பாருங்க. அந்த வீட்டை வாடகைக்கு விட்டா மாசம் 5,000, வருஷத்துக்கு 60,000 வரும். அதை வேண்டாம்னு விட்டுட்டு உங்க கிட்ட 3 லட்சம் வாங்குறார்னா, அந்த 3 லட்சத்துக்கு அவர் வருஷம் 20 சதவீதம் வட்டி கட்டுறார்னு அர்த்தம். சொந்த வீடு வச்சிருக்கிற ஒருத்தர் பேங்க்குக்குப் போனா அதுல பாதி வட்டிக்கு வீட்டை அடமானம் வச்சு கடன் வாங்கலாமே, ஏன் போகல? எல்லா ஒத்திக்காரரும் மோசக்காரர்னு நான் சொல்ல மாட்டேன், பொண்ணு கல்யாணம், ஆஸ்பத்திரிச் செலவு, பையனை வெளிநாடு அனுப்புறதுன்னு அவசரத்துக்கு பணம் தேடுற நல்ல மனுஷங்க தான் அதிகம். ஆனா அவங்களுக்கு பேங்க் கொடுக்கலன்னா ஒண்ணு பத்திரம் சுத்தமா இல்ல, இல்ல ஏற்கனவே அந்த வீட்டு மேல கடன் இருக்கு, இல்ல திருப்பிக் கட்டுற வருமானம் இல்ல. மூணுல எதுவா இருந்தாலும் கெடு முடியும்போது உங்க 3 லட்சத்தை எங்கே இருந்து கொடுப்பார்? அடுத்த ஒத்திக்காரரைப் பிடிச்சு அவர் கிட்ட வாங்கித்தான். அந்த ஆள் கிடைக்கிற வரைக்கும் நீங்க வெளியேறவும் முடியாது, பணத்தை கண்ணுல பார்க்கவும் முடியாது.

அதுக்காக ஒத்தியே கூடாதுன்னு சொல்லல, இந்த ஊர்ல எத்தனையோ குடும்பம் ஒத்தியில இருந்து பிள்ளைகளைப் படிக்க வச்சிருக்கு. போறதா இருந்தா சில விஷயத்தைப் பிடிச்சுக்கோங்க. முதல்ல வில்லங்கம், அதாவது அந்த சொத்து மேல பதிவான கடன், விற்பனை விவரம். பதிவுத்துறை சைட்டுல சர்வே நம்பர் போட்டா நீங்களே பார்க்கலாம், பேங்க்ல பத்திரத்தை வச்சு கடன் வாங்கியிருந்தா இப்பல்லாம் பெரும்பாலும் அந்த அடமானம் வில்லங்கத்துல ஏறியிருக்கும். ஏறியிருந்தா அந்த வீட்டை விட்டுடுங்க, அவர் தவணை கட்டாம போனா, பேங்க் கடனை வசூலிக்க வந்த 2002 சட்டப்படி பேங்க் வீட்டை ஏலத்துக்குக் கொண்டு வந்துடும், அப்புறமா நுழைஞ்ச ஒத்திக்காரர் பேச்சு அங்க எடுபடாது. வில்லங்கம் சுத்தமா இருந்தாலும் மூலப்பத்திரத்தை ஒரிஜினலா கண்ணால பாருங்க, தனியார் வட்டிக்காரர் கிட்ட பத்திரத்தைக் கொடுத்து கைமாத்து வாங்கியிருந்தா அது வில்லங்கத்துல வராது. ஜெராக்ஸ் தான் இருக்கு, ஒரிஜினல் அண்ணன் வீட்டுல இருக்கு, பீரோ சாவி ஊர்ல இருக்குன்னு சொன்னா பணம் கொடுக்காம எந்திரிச்சு வந்துடுங்க.

அடுத்தது, பதிவு. இங்க பத்துல எட்டு ஒத்தி 20 ரூபா பத்திரத்துல ரெண்டு சாட்சி கையெழுத்தோட முடிஞ்சு போகுது, பதிவுக்கு முத்திரைத் தீர்வை கட்டணுமேன்னு ரெண்டு பேரும் தவிர்க்கிறாங்க. ஒத்தியை சட்டத்துல சுவாதீன அடமானம்னு சொல்லுவாங்க, அது 100 ரூபாய்க்கு மேல போனாலே பதிவு பண்ணியாகணும், அது 1882 சொத்து மாற்றுச் சட்டத்துலயே இருக்கு. பதிவு பண்ணாத ஒத்தியில உங்க கையில இருக்கிறது பணம் கொடுத்ததுக்கான ஒரு துண்டுச்சீட்டு தான், வீட்டு மேல உரிமை எதுவும் இல்ல, நாளைக்கே அவர் வேற ஒருத்தருக்கு வித்தா வாங்கினவர் வந்து காலி பண்ணச் சொல்லுவார். இன்னொண்ணு, இதை நிறையப் பேர் கவனிக்கிறதே இல்ல: வெறும் ஒத்திப் பத்திரத்துல, பணம் வர்ற வரைக்கும் வீட்டுல இருந்துக்கலாம்ங்கிற உரிமை மட்டும் தான் ஒத்திக்காரருக்கு உண்டு, வீட்டை ஏலம் விட்டு பணத்தை எடுக்க கோர்ட்டுக்குப் போக முடியாது. "கெடு முடிஞ்சதும் நானே பணத்தைத் திருப்பிக் கொடுக்கிறேன்"னு வீட்டுக்காரர் தன்னைக் கட்டுப்படுத்திக்கிற வாசகம் பத்திரத்துல இருந்தா தான் பணத்துக்கு வழக்குப் போட வழி இருக்கு. அந்த வரியை எழுதச் சொல்லுங்க, எழுத மாட்டேன்னா காரணம் உங்களுக்கே புரியும். எத்தனை வருஷம் குடியிருந்தாலும் ஒத்தி வீடு நம்ம வீடாகாது, வீட்டுக்காரர் எப்ப பணம் கொடுத்தாலும் மீட்டுக்கலாம்னு 2014ல உச்ச நீதிமன்றமே தெளிவா சொல்லியிருக்கு, அதனால "30 வருஷம் ஆனா நமக்கே வந்துடும்"னு டீக்கடையில சொல்றதை நம்பிடாதீங்க.

உங்க விஷயத்துல இதை விட பெரிய காரணம் ஒண்ணு இருக்கு. உங்க கிட்ட இருக்கிறதே அந்த 3 லட்சம் தான். அதை மொத்தமா ஒரு வீட்டுல முடக்கிட்டா, மில்லு வேலை ஒத்து வரலன்னாலோ அம்மாவுக்கு உடம்புக்கு ஏதாவதுன்னாலோ வட்டிக்குத்தான் போகணும். நம்ம ஊர்ல வட்டிக்குப் போனவன் வெளிய வந்த கதை கம்மி, கந்துவட்டிக்கு 2003லயே தடைச் சட்டம் வந்தும் மீட்டர் வட்டி, ரன் வட்டின்னு பேரை மாத்தி ஓடிக்கிட்டுத்தான் இருக்கு.

பைபாஸ் பிளாட் பத்தி ரொம்ப பேச வேண்டியதில்ல. கரிசக் காட்டுல கலர் கல்லு ஊனி, கொடி கட்டி, "மாசத் தவணையும் உண்டு"ன்னு போர்டு வச்ச இடம்னா முதல் கேள்வி டிடிசிபி (நகர் ஊரமைப்புத் துறை) அங்கீகார எண் என்ன. அங்கீகாரம் இல்லாத மனையை 2016 அக்டோபர் 20க்கு முன்னாடி மனையாவே பதிவு பண்ணியிருந்தா வரன்முறை பண்ண, அதாவது பின்னால அங்கீகாரம் வாங்கிக்க வழி இருந்துச்சு, அதுக்கப்புறம் புதுசா பிரிச்சதுன்னா சார்பதிவாளர் பதிவு பண்ணக் கூடாது. சில இடத்துல மனைன்னு எழுதாம விவசாய நிலத்துல பிரிபடாத பங்குன்னு எழுதி விக்கிறாங்க, அதுல வீடு கட்ட பிளான் அனுமதி வாங்க முடியாது, பேங்க் லோனும் வராது. அங்கீகாரம் இருக்குன்னே வச்சுக்கிட்டாலும் உங்க கணக்கு எப்படி வருது பாருங்க, 2,40,000 மனைக்கு 9 சதவீதம் பதிவுச் செலவு 21,600. 10 லட்சத்துக்குள்ள இருக்கிற சொத்தை பெண்கள் பேர்ல பதிஞ்சா 2025 ஏப்ரல்ல இருந்து பதிவுக் கட்டணத்துல 1 சதவீதம் சலுகை, அப்படிப் பார்த்தா 19,200. பத்திரம் எழுதற கூலி எல்லாம் போக கையில 40,000 கூட மிஞ்சாது, கூடவே வாடகையும் கட்டிக்கிட்டு இருப்பீங்க, மனை சும்மா கெடக்கும். பத்து வருஷம் கழிச்சு விலை ஏறும்னு சொல்லுவாங்க, ஏறட்டும், உங்களுக்கு இன்னைக்கு வேணுங்கிறது குடியிருக்க ஒரு கூரை.

இப்ப தாத்தா வீடு. அது கிராம நத்தத்துல இருக்குன்னா, அதாவது ஊர்க் குடியிருப்புக்குள்ளயே இருக்குன்னா, மனை எண்ணு போட்டு நத்தம் பட்டா தாத்தா பேர்ல ஏறியிருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. சுவரு இடிஞ்சிருக்கு, ஓடு சரிஞ்சிருக்குன்னு நீங்க பார்க்கிறீங்க, நான் பார்க்கிறது கீழ இருக்கிற ரெண்டு மூணு சென்ட் மண்ணை. அது சுத்தமா உங்க அம்மா பேருக்கு வந்துட்டா வீடு கட்ட அரசாங்கப் பணத்துக்கு விண்ணப்பிக்கிற தகுதி வருது, மனைக்கு நீங்க கொடுக்க இருந்த 2,40,000 அப்படியே கையில நிக்குது.

முதல் வேலையா விஏஓவைப் போய்ப் பாருங்க. நத்தம் சிட்டா, அதாவது மனை யார் பேர்ல இருக்குன்னு காட்டுற பதிவேடு, தாத்தா பேர்ல இருக்கா, இல்ல சர்க்கார் நத்தம்னு காலியா போட்டிருக்கான்னு கேளுங்க. கண்மாய், ஊருணி, ஓடைப் புறம்போக்குன்னு பதிவேட்டுல இருந்துச்சுன்னா அந்த இடத்தை மறந்துடுங்க, நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்றுற 2007 சட்டம் வந்ததுக்கப்புறம் நீர்நிலையில பட்டாங்கிற பேச்சுக்கே இடமில்ல, எத்தனை தலைமுறை குடியிருந்தாலும் எடுத்துடுவாங்க. வீட்டு வரி ரசீதும் ஈபி கார்டும் தாத்தா பேர்ல இருக்குன்னு சிலர் அதையே பெரிய ஆதாரமா கொண்டு வருவாங்க. அனுபவத்துல இருந்ததுக்கு அது சாட்சி, சொந்தம்னு காட்டுறதுக்கு அது மட்டும் போதாது, ஆனாலும் பத்திரமா எடுத்து வைங்க, சர்க்கார் நத்தம்னு இருந்தா பட்டா கேட்டு மனு போடும்போது அது தான் உதவும்.

தாத்தா பேர்ல இருக்குன்னா அடுத்தது வாரிசு. இங்கதான் நம்ம ஊர்ல பாதி வீடு பூட்டிக் கெடக்குது. தாத்தா காலமாகி, அப்பாவும் காலமாயிட்டார்னு எழுதியிருக்கீங்க, பெரியப்பா ஒருத்தர், அத்தை ரெண்டு பேர். தாத்தாவோட சொந்தச் சொத்து, உயில் எதுவும் எழுதல, பாட்டியும் இல்லன்னா, இந்து வாரிசுரிமைச் சட்டப்படி நாலு பிள்ளைகளுக்கும் சமபங்கு. பொம்பளப் பிள்ளைகளுக்கு நகை போட்டு சீர் செஞ்சு கட்டிக் கொடுத்தாச்சு, அவங்களுக்கு இதுல என்னன்னு ஊர்ல சொல்லுவாங்க. பூர்வீகச் சொத்துலயே மகள்களுக்குப் பங்குன்னு 1989லயே தமிழ்நாட்டுல சட்டம் வந்துச்சு, 2005ல நாடு முழுக்க வந்துச்சு. அப்பாவோட நாலுல ஒரு பங்குக்கு அம்மா, நீங்க, உங்க கூடப் பிறந்தவங்க வாரிசு. ஆக தாத்தாவுக்கு ஒண்ணு, அப்பாவுக்கு ஒண்ணுன்னு ரெண்டு இறப்புச் சான்றிதழ், தாசில்தார் ஆபீஸ்ல ரெண்டு வாரிசுச் சான்றிதழ், அதுக்கப்புறம் மத்த வாரிசுங்க எல்லாரும் உங்க அம்மா பேருக்கு விடுதலைப் பத்திரம், அதாவது தங்க பங்கை விட்டுக்கொடுக்கிற பத்திரம், எழுதிக் கொடுக்கணும். குடும்பத்துக்குள்ள எழுதிக்கிற விடுதலை, செட்டில்மென்ட், பாகப்பிரிவினைக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம் தான், அதுக்கும் ஒரு உச்சவரம்பு இருக்கு, கிரயம் மாதிரி 9 சதவீதம் கிடையாது. ஆனா ஒரு விஷயம், எந்த உறவு எந்தப் பத்திரத்துல "குடும்பம்"ங்கிற கணக்குல வருதுன்னு அதுல விதி இருக்கு, பெரியப்பா - தம்பி மனைவிங்கிற உறவுக்கு எப்படி எழுதினா செலவு கம்மியா வரும்னு எழுதறதுக்கு முன்னாடியே சார்பதிவாளர் ஆபீஸ்ல கேட்டுக்கோங்க. முதல்ல எல்லா வாரிசும் சேர்ந்து பாகப்பிரிவினை பண்ணிக்கிறது சில நேரம் நல்லது.

அத்தைங்க கிட்ட இதை எப்படிக் கேக்கிறதுன்னு தயங்குவீங்க. நேராப் போய் உட்கார்ந்து, இந்த மாதிரி வேலை போயிடுச்சு, ஊர்ல தான் இனிமே இருக்கப் போறோம், அந்த இடத்துல வீடு கட்டிக்கிறோம், உங்க பங்குக்கு என்ன மரியாதையோ அதைத் தர்றேன்னு சொல்லுங்க. ஊர்ல சென்ட் என்ன விலை போகுதோ அதைக் கணக்குப் போட்டு அவங்க பங்குக்கு உரியதைக் கொடுத்துடுங்க, ஒரேயடியா முடியலன்னா பாதி இப்ப, பாதி பிறகுன்னு பேசிக்கோங்க. வெத்துத்தாள்ல கைநாட்டு வாங்கிக்கிறது, ரேஷன் கார்டுக்குன்னு சொல்லி கையெழுத்து வாங்குறது எல்லாம் நான் நிறையப் பார்த்திருக்கேன், அதுல கட்டின வீட்டுல வழக்கு தான் குடியிருக்கும், அத்தை மகன் பின்னாடி ஒருநாள் கோர்ட்டுக்குப் போனா வீட்டை விக்கவும் முடியாது, அடமானம் வைக்கவும் முடியாது. அது போக, பொறந்த வீட்டுல அவங்களுக்கு ஒரு பங்கு இருக்குங்கறதை நாம மதிக்கணும், அந்த உரிமையை சட்டமா கொண்டு வர எத்தனை பேர் எத்தனை வருஷம் போராடியிருக்காங்க.

பத்திரம் பதிஞ்சதும் பட்டா மாறுதலுக்கு போடுங்க. முழு மனையும் அம்மா பேருக்குன்னா சீக்கிரம் முடியும், பிரிச்சு எடுக்கிறீங்கன்னா சர்வேயர் வந்து அளந்து உட்பிரிவு போடணும், அதுக்கு அலைச்சல் உண்டு.

இனி வீட்டுப் பணம். கிராமம்னா ரெண்டு பெரிய திட்டம். ஒண்ணு 2024ல தமிழ்நாடு அரசு ஆரம்பிச்ச கலைஞர் கனவு இல்லம், குடிசையில இருக்கிறவங்களுக்கு 360 சதுர அடியில கான்கிரீட் வீடு, ஒரு வீட்டுக்கு 3 லட்சத்து 50 ஆயிரம், 2030க்குள்ள 8 லட்சம் வீடுன்னு இலக்கு வச்சாங்க. இன்னொண்ணு பிரதமர் ஊரக வீட்டுத் திட்டம், அடிப்படைத் தொகை 1 லட்சத்து 20 ஆயிரம், கூரைக்கு மாநில அரசு தனியா சேர்க்குது, கழிப்பறைக்கு 12,000 தனி. உங்க ஊர் பேரூராட்சிக்குள்ள வருதுன்னா, கமுதி, அபிராமம், முதுகுளத்தூர், சாயல்குடி எல்லாம் பேரூராட்சி தானே, அப்ப நகர்ப்புறத் திட்டத்துல வரும், வருஷ வருமானம் 3 லட்சத்துக்குள்ள இருந்து சொந்த மனை இருந்தா வீடு கட்டிக்க 2 லட்சத்து 50 ஆயிரம். எந்தத் திட்டமா இருந்தாலும் வேற எங்கேயும் உங்க குடும்பத்துக்கு காரை வீடு இருக்கக் கூடாது, கிராமத்துத் திட்டத்துக்குப் பேர் பட்டியல்ல வரணும், பட்டியல் எல்லாம் கணக்கெடுப்புல இருந்து தான் வருது. இன்னைக்கு மனு போட்டு அடுத்த மாசம் வீடு வந்துடும்னு நான் ஆசை காட்ட மாட்டேன், ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ ஆகும். இடிஞ்ச மண் சுவர் வீடு எந்தத் திட்டத்துல சேரும்னு ஊராட்சி ஒன்றிய (பிடிஓ) ஆபீஸ்ல ஓவர்சியர் பார்த்துச் சொல்லுவார்.

அதனால தான் திருப்பூர்ல இருந்து கெளம்பும்போதே ரேஷன் கார்டை ஊர் முகவரிக்கு மாத்துங்கன்னு சொல்றேன், ஓட்டும் ஊருக்கு வரட்டும். நீங்க ஊர்ல இல்லாத ஆளுன்னு ஒரு வார்த்தை யாராவது சொல்லிட்டா பேர் போயிடும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1ன்னு வருஷத்துக்கு ஆறு தடவை கிராம சபை நடக்கணும், அம்மாவைக் கூட்டிட்டுப் போய் முன்னாடி உட்காருங்க, பயனாளி பட்டியலைப் படிக்கச் சொல்லுங்க, உங்க கோரிக்கையைத் தீர்மான நோட்டுல எழுதச் சொல்லுங்க. வீடு வாங்கித் தர்றேன், 20,000 கொடுன்னு யாராவது வந்தா கொடுக்காதீங்க. கொடுத்தவங்களுக்கும் பட்டியல்ல பேர் இல்லன்னா வீடு வராது, பேர் இருக்கிறவங்களுக்கு அது உரிமையா வர வேண்டிய பணம்.

திட்டப் பணம் மொத்தமா கைக்கு வராது, கடைக்கால், லிண்டல், கூரைன்னு வேலை நடக்க நடக்க, அளந்து பார்த்து, பகுதி பகுதியா பேங்க் கணக்குல ஏறும். முதல் கட்டத்துக்கு நம்ம காசைத்தான் போடணும். இந்த இடத்துல தான் நிறைய ஏழைக் குடும்பம் வட்டிக்கு வாங்கி மாட்டிக்குது, இல்லன்னா பேஸ்மட்டத்தோட வீடு அப்படியே நின்னு போகுது, உங்க ஊர்லயே அப்படி நிக்கிற வீடு இருக்கும் பாருங்க. உங்க 3 லட்சத்துக்கு உண்மையான வேலை அங்க இருக்கு. ஒத்தியில போட்டு முடக்க வேண்டாம்னு நான் இவ்வளவு சொல்றதுக்கு அது தான் காரணம், கையில ஒண்ணரை லட்சம் இருந்தா கொத்தனார் கூலியும் சிமெண்டும் நிக்காம ஓடும், தவணை வந்ததும் திரும்ப நிரம்பிக்கும்.

கட்டும்போது ஒண்ணு மட்டும், கமுதி பக்கம் பெரும்பாலும் கரிசல். கரிசல் மண்ணு மழையில உப்பும், வெயில்ல சுருங்கி ஆள் கை போற அளவுக்கு வெடிக்கும், அதோட சேர்ந்து சுவரும் வெடிக்கும். செம்மண் பூமியில மாதிரி ரெண்டடி வானம் தோண்டி கல்லு போட்டுட்டுப் போனா மூணு வருஷத்துல ஜன்னல் மூலையில இருந்து விரிசல் ஓடும். கரிசலை எவ்வளவு ஆழம் எடுக்க முடியுமோ எடுத்துட்டு கிராவல் கொட்டி தண்ணி விட்டு இறுக்கணும், பேஸ்மட்டத்துலயும் லிண்டல்லயும் கம்பி போட்டு சுத்தி பெல்ட் கான்கிரீட் ஓட்டணும், வீட்டைச் சுத்தி மழைத்தண்ணி கடைக்கால் பக்கம் தேங்காத மாதிரி சரிவா தளம் போடணும். ஆழமா கரிசல் இருந்தா அடியில குமிழ் வச்ச பைல் அடித்தளம்னு ஒரு முறை இருக்கு, அந்தச் செலவு உங்களுக்குத் தாங்குமான்னு இன்ஜினியரைக் கேளுங்க. டைல்ஸ், பால்ஸ் சீலிங்குக்கு ஆசைப்பட்டு கடைக்கால்ல மிச்சம் பிடிக்காதீங்க. பழைய வீட்டுக் கல்லும் மரமும் நல்லா இருந்தா பிரிச்சு எடுத்து வைங்க, பழைய தேக்கு நிலை இன்னைக்குக் கடையில வாங்குற விலை இல்ல. கூரைத் தண்ணியைப் பிடிக்க ஒரு தொட்டியும் கட்டாயம் கட்டிடுங்க. நம்ம பக்கம் பல ஊர்ல போர்த்தண்ணி உப்பு, காவிரி கூட்டுக் குடிநீர் வர்ற நாளும் வராத நாளும் உண்டு, குடம் 10 ரூபான்னு வச்சு நாளைக்கு நாலு குடம் வாங்கினா மாசம் 1,200 ஆச்சு, அது வாடகையில கால் பங்கு.

இதெல்லாம் நடக்கிற வரைக்கும் எங்க இருக்கிறது? வாடகை தான். ஆனா அருப்புக்கோட்டை டவுன்ல 5,000ங்கிறது உங்க சம்பளத்துல மூணுல ஒரு பங்கு, அஞ்சு உயிர் மிச்சத்துல சாப்பிடணும், அது தாங்காது. ஊர்லயும் பக்கத்து ஊர்லயும் பூட்டிக் கெடக்கிற வீடுகளை விசாரிங்க. வெளிநாட்டுலயும் சென்னையிலயும் இருந்துக்கிட்டு இங்க வீட்டைக் கட்டிப் பூட்டி வச்சவங்க ஏராளம், கரையான் அரிக்காம விளக்கேத்தி வச்சா போதும்னு நினைக்கிறவங்க அதுல உண்டு. புரோக்கர் கிட்ட இந்த வீடெல்லாம் வராது, மளிகைக்கடை, டீக்கடை, ஈபி கணக்கு எடுக்க வர்றவர், பால்காரர் கிட்ட கேட்டா தெரியும். ஆயிரமோ ரெண்டாயிரமோ வாடகை பேசிக்கோங்க, ஆனா சும்மா இருக்கேன்னு வாய்ப்பேச்சா குடி போகாதீங்க, 11 மாசத்துக்கு எழுத்துல ஒப்பந்தம் போடுங்க. 2019ல நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி டவுன்ல ஒப்பந்தம் எழுத்துல தான் இருக்கணும், வாடகை அதிகாரி கிட்ட பதியணும், அட்வான்ஸும் வேற மாதிரி ஒப்புக்கலன்னா மூணு மாச வாடகைக்கு மேல கேக்கக் கூடாது. உங்க கிட்ட 5,000 வாடகைக்கு 30,000 கேட்டவர் கிட்ட இதைச் சொல்லிப் பாருங்க.

மில்லுக்குப் போற தூரத்தையும் இதோட சேர்த்துப் பார்க்கணும். உங்க மனைவியும் வேலைக்குப் போறதா இருந்தா சாதாரண டவுன் பஸ்ல பெண்களுக்கு 2021ல இருந்து கட்டணம் கிடையாது, அதனால டவுன் பஸ் காலையிலயும் ராத்திரியும் வந்து போற ஊரா பார்த்து எடுங்க, வாடகை 500 கூட ஆனாலும் பரவாயில்ல. கடைசி பஸ் எத்தனை மணிக்குன்னு கண்டக்டர் கிட்டயே கேளுங்க. நைட் ஷிப்ட் முடிச்சு பைக்ல முப்பது கிலோமீட்டர் வர்ற ஆளுங்களை எனக்குத் தெரியும், பெட்ரோலுக்கே வாடகைக் காசு போயிடும், தூக்கக் கலக்கத்துல அந்த ரோட்டுல வர்றது உசுருக்கும் நல்லதில்ல.

வீடு கேக்கப் போனா "எந்த ஊரு, யாரு மக்க"ன்னு தான் முதல் கேள்வி வரும், எதுக்குக் கேக்கிறாங்கன்னு உங்களுக்குத் தெரியும். நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். அப்படிக் கேட்டு வீடு இல்லன்னு சொல்ற தெரு இன்னும் இருக்குங்கறது எனக்கு மனசு கொதிக்கிற விஷயம். அப்படி ஒரு நிலைமை வந்தா டவுன்ல நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தோட குடியிருப்பு எங்கேயாவது காலியா இருக்கா, புதுசா ஒதுக்குறாங்களான்னு கலெக்டர் ஆபீஸ் திங்கக்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்துல மனு கொடுங்க, அங்க ஒதுக்கீடு வருமானத்தையும் சொந்த வீடு இல்லங்கறதையும் பார்த்துத்தான். பயனாளி பங்குன்னு ஒரு தொகை கட்டணும், ஊருக்கு ஊர் மாறும், அந்தத் தொகைக்கும் உங்க 3 லட்சம் கையில இருக்கணும்.

பேங்க் லோனுக்கு வட்டி மானியம் இருக்கேன்னு கேட்டிருந்தீங்க. இருக்கு, 2024 செப்டம்பர்ல இருந்து வர்ற புது நகர்ப்புறத் திட்டத்துல வருஷம் 9 லட்சம் வருமானம் வரைக்கும், கடன்ல முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீதம், மொத்தமா அதிகபட்சம் 1 லட்சத்து 80 ஆயிரம். ஆனா புது வேலையில சம்பளச் சீட்டு கூட இல்லாம இப்ப எந்த பேங்க்கும் கொடுக்காது, கொடுத்தாலும் 15,000ல தவணை கட்டிட்டு என்னத்தைச் சாப்பிடுவீங்க. ரெண்டு வருஷம் போகட்டும்.

ஒத்திக்காரர் இந்த வாரமே டோக்கன் அட்வான்ஸ் கேக்கிறார்னு எழுதியிருந்தீங்க, கொடுக்காதீங்க. அதுக்குப் பதிலா அம்மாவோட ஒரு நாள் ஊருக்குப் போயிட்டு வாங்க. தாத்தா, அப்பா இறப்புச் சான்றிதழ் இருந்தா எடுத்துக்கோங்க, வீட்டு வரி ரசீது எந்த வருஷத்ததா இருந்தாலும் சரி, அம்மாவோட ஆதார், ரேஷன் கார்டு, பெரியப்பா - அத்தைங்க முழுப் பேரும் இப்ப இருக்கிற ஊரும் எழுதின ஒரு தாள். விஏஓ கிட்ட நத்தம் சிட்டா நகலும் மனை எண்ணும் வாங்கிட்டு வந்து, அதுல தாத்தா பேருக்கு எதிரே என்ன போட்டிருக்குன்னு எழுதுங்க. பட்டான்னு இருந்தா ஒரு வழி, சர்க்கார்னு இருந்தா வேற மனு, ரெண்டுக்கும் என்ன எழுதணும்னு நான் சொல்றேன்.